'முனைமம்' வேண்டாம், தரகு போதும்

எங்கள் நாணயச் சங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஓர் இணைய ஏலத்தில் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றைக் கேட்டார். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த யானை பார்க்கப் பன்றி மாதிரி இருந்ததால் 'பன்றி ரூபாய்' என்று பெயர் வாங்கிய காசு அது. 10,000 ரூபாய்க்கு அவருக்கே முடிந்தது. பில்லில் மட்டும் 2,000 ரூபாய் கூடுதலாக இருந்தது, வரி தனி. ஏல நிபந்தனைகளின் தமிழாக்கத்தை என்னிடம் நீட்டி, "'வாங்குபவர் முனைமம் 20%' என்று போட்டிருந்தது தம்பி. வாங்குகிறவனுக்கு ஏதோ சலுகை என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

இந்த 'முனைமம்' என் கண்ணில் படுவது இது முதல் முறை அல்ல. ஆனால் தமிழ் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த ஒருவருக்குப் புரியாத தமிழ்ச்சொல் யாருக்காக?

மூலச்சொல் பிரீமியம். லத்தீனில் பரிசு, வெகுமதி என்று பொருள். இன்ஷூரன்ஸில் நாம் கட்டும் தவணைக்கும் அதே பெயர், முகமதிப்புக்கு மேல் விற்கும் பங்கின் கூடுதல் விலைக்கும் அதே பெயர். இந்தக் கடைசிப் பொருளுக்குத்தான் நம் வணிகவியல் பாடநூல்கள் 'முனைமம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. 10 ரூபாய்ப் பங்கை 15 ரூபாய்க்கு வெளியிட்டால் 5 ரூபாய் முனைமம். முனை என்றால் நுனி, போர்முனை. அதில் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியதே இல்லை. சரி, பாடநூலில் பழகிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

ஏலத்துக்கு அது ஏன் பொருந்தாது? பங்கு முனைமம் பங்கை வெளியிடும் நிறுவனத்துக்கே போகிறது. அதாவது சரக்குக்கு உடையவருக்கே போகிறது. ஏலத்தில் வாங்குபவர் மேற்கொண்டு தரும் 20 சதவீதத்தில் காசுக்கு உடையவருக்கு எதுவும் இல்லை, முழுக்க ஏல நிறுவனத்துக்கு. காசின் மதிப்பு அதனால் ஒரு பைசா கூடுவதும் இல்லை. இது நடுவில் நின்று முடித்துக்கொடுத்தவருக்கான கூலி. நடுவில் நிற்பவர் கூலிக்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? பல்லவர் செப்பேடுகளில் வரிப்பெயர்களோடு வருகிற சொல் தரகு. இன்றும் மாட்டுச் சந்தையில் புழங்குகிற சொல். விற்பவரிடம் பிடிப்பது விற்போர் தரகு, வாங்குபவரிடம் பிடிப்பது வாங்குவோர் தரகு.

'மிகைமதிப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. முனைமத்தைவிட இது மோசம். 'மதிப்பு' என்றதும் அந்தப் பணம் பொருளில் ஏறியதாக ஆகிவிடுகிறது. 'வாங்குபவர் கமிஷன்' என்று எழுதினால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். அது தமிழ் இல்லைதான், ஆனால் உண்மையைச் சொல்கிறது.

சொல் தவறினால் கணக்கும் தவறுகிறது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக அறியப்பட்ட 1856-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தபால்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையும் வெட்டிய சின்னச் செந்நீலத் துண்டு. 2014-இல் நியூயார்க் சத்பீஸ் ஏலத்தில் 79 லட்சம் டாலருக்கு முடிந்தது. அதை எடுத்த காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் தரகும் சேர்த்துக் கட்டியதோ 94.8 லட்சம். 2021-இல் அவர் அதை விற்றபோது 70 லட்சத்துக்கு முடிந்து, வாங்கிய பக்கம் சுமார் 83 லட்சம் கட்டியது. செய்திகளில் வந்தவை 94.8, 83 என்ற இரண்டு எண்கள். அதைப் படித்தால் 12 லட்சம்தான் இறங்கியது என்று தோன்றும். கொடுத்த 94.8 லட்சத்தையும் மறுபடி முடிந்த 70 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏறக்குறைய 25 லட்சம். இவ்வளவு பெரிய விற்பனையில் அவருக்கும் நிறுவனத்துக்கும் தனி ஒப்பந்தம் இருந்திருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

தரகு சேராமல் ஏலம் முடிந்த விலையைத்தான், ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே வைத்து, 'சுத்தியல் விலை' என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்றுதானே முடியும், சுத்தியல் எங்கே வந்தது? ஏலம் விடுகிறோம், ஏலம் கேட்கிறோம், ஏலம் எடுக்கிறோம். 'ஏலம்' என்பதே போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல்தான், மலையாளத்தில் இன்னும் 'லேலம்'. வந்த சொல்லுக்கு இத்தனை அழகான வினைகளை நாமே கட்டிக்கொண்டோம். கேட்ட விலை, கொடுத்த விலை என்றால் வேறுபாடு தானே தெரிகிறதே.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் என் வருத்தம் இதுதான்: கலைச்சொல் அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இருப்பதை எடுத்து ஒட்டுகிறார்கள், பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. பணம் கொடுத்தவர்கள் அதைப் பார்த்தார்கள். 1975-இல் லண்டனில் கிறிஸ்டீஸ், சத்பீஸ் என்ற இரண்டு ஏல நிறுவனங்களும் 10 சதவீதம் என்று இந்த வாங்குவோர் தரகைக் கொண்டுவந்தபோது அங்கிருந்த வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். 2024 மே மாதம் சத்பீஸ் பெரும்பாலான பொருள்களுக்கு அதை 20 சதவீதமாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில் 20 லட்சம் டாலர் வரைக்கும் 27 சதவீதம் என்று ஏற்றிவிட்டது.

இன்னொன்று. பெயர் 'வாங்குவோர்' என்று இருந்தாலும் அடி விற்பவருக்கும் விழுகிறது. என்னிடம் இருப்பது 12,000 ரூபாய் என்றால், 20 சதவீதத்தை மனதில் வைத்து 10,000-க்கு மேல் நான் கேட்கமாட்டேன். விற்போர் தரகு 10 சதவீதம் என்றால் விற்பவர் கைக்குப் போவது 9,000. நடுவில் 3,000 ரூபாய் நின்றுவிடுகிறது.

ஆசிரியரிடம் தரகு என்று சொன்னதும் ஒரு மறுப்பு வைத்தார். "ஏலக்காரர் விற்பவருடைய ஆள். நான் அவரை அமர்த்தவில்லையே, எனக்கென்ன தரகு?" நியாயமான கேள்வி. ஆனால் மனை முடிக்கிற தரகர் இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம் கேட்கும்போதும் நாம் தரகு என்றுதான் சொல்கிறோம், பேரமும் பேசுகிறோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பில்லில் இருந்த 'முனைமம்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'தரகு' என்று எழுதினார். அப்புறம், "இது முன்னாலேயே தெரிந்திருந்தால் 8,500-இல் நிறுத்தியிருப்பேன்" என்றார்.