சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்கிட்டா போதாது, ஐஆர் கணக்கை முதல்லயே கேளுங்க

சேலத்துல இப்ப பைலட் ஆசை நிறைய பசங்களுக்கு வந்திருக்கு, கமலாபுரம் ஏர்போர்ட்லயே ட்ரெயினிங் நடக்குது, நல்ல விஷயம். ஆனா காட்ட அடமானம் வச்சு ஃபீஸ் கட்டுற அப்பா அம்மாகிட்ட ஐஆர் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல, பாதி படிப்புல "அதுக்கு தனியா கட்டணும்"னு சொல்றப்போ அவங்க மொகத்தப் பாக்க முடியல.

ஐஆர்னா இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங். ஏற்காடு ரோட்ல பனி எறங்குனா அடுத்த கொண்டை ஊசி வளைவே தெரியாதுல்ல, அப்படி ஒண்ணுமே தெரியாத மேகத்துக்குள்ள மீட்டரை மட்டும் பாத்து ஓட்ட டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) குடுக்குற அனுமதி. ஏர்லைன் வேலைக்கு இது கண்டிப்பா வேணும்.

மாட்டிக்கிறது இங்கதான். சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம், அதுல இப்படி மீட்டரை மட்டும் பாத்து ஓட்டுன இன்ஸ்ட்ருமெண்ட் நேரம் 10 மணி இருந்தா போதும். ஐஆருக்கு அந்த இன்ஸ்ட்ருமெண்ட் நேரமே 40 மணி வேணும், அதுல சிமுலேட்டர் 20 மணிக்கு மேல கணக்குல சேராது, பிஐசியா (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டா) கிராஸ் கன்ட்ரி, அதாவது ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ஓட்டுறது, 50 மணியும் வேணும். சிமுலேட்டர் செலவு கம்மி, அதனால அதுலயே உக்கார வச்சு ஓட்டிட்டு கடைசில ஹவர்ஸ் பத்தலம்பாங்க. "எல்லாம் சேத்து பேக்கேஜ்"னு வாயால சொன்னா நம்பாதீங்க, ஐஆர், மல்டி எஞ்சின், டெஸ்ட் செலவு உள்ள இருக்கான்னு எழுதி வாங்குங்க. பறந்த கணக்கு எழுதுற லாக்புக்ல, ஹூட் (வெளிய தெரியாம கண்ணை மறைக்கிற மூடி) போட்டு ஓட்டுன நேரம் தனி கட்டத்துல ஏறுதா, இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து இருக்கான்னு பையன் அன்னன்னைக்கே பாக்கணும், ஃபீஸ் பாக்கின்னு கையெழுத்த இழுத்தடிச்ச கதையெல்லாம் உண்டு.

அதுக்கு முன்னாடியே பேப்பர்ல அலைய விடுவாங்க. பைலட் பரீட்சை எழுத டிஜிசிஏ குடுக்குற கம்ப்யூட்டர் நம்பர் (பதிவு எண்) வேணும், அதுக்கு மார்க் ஷீட் அசல்தான்னு போர்டுல உண்மைத்தன்மை சான்று கேப்பாங்க. ஸ்கூல்ல கேட்டா சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ், அங்க போனா சென்னைன்னு கை காட்டுவாங்க, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட அப்ளை பண்ணிடுங்க. நம்ம ஊரு இனிஷியல் தொல்லை வேற, மார்க் ஷீட்ல ஒரு மாதிரி பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா ஒரு மாதிரி இருந்தா ஃபைல் திரும்பி வரும், சேர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணுங்க. பைலட்டுக்கான உடல் தகுதி டெஸ்டான க்ளாஸ் 1 மெடிக்கல் முடியாம பெரிய தொகை கட்டவே கட்டாதீங்க, கலர் விஷன்ல நின்னு போன பசங்க இருக்காங்க, கட்டுன காசு திரும்பி வராது.

ஐஆர் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வேலைக்கு காத்திருக்கறப்போ அது முடிஞ்சு போயி மறுபடி டெஸ்டுக்கு செலவு பண்ணவேண்டி வரும், அந்தப் பணத்தையும் லோன் போடறப்பவே கணக்குல வச்சுக்கோங்க.