பனிக்காலத்தில் ஏடிவி ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன்

ஜனவரி மாதம், காலை ஆறே முக்கால் மணி. ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் ஒரு சாகச விளையாட்டுத் திடலில், கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகள் ஆறு வரிசையாக நின்றன. சீட்டின் மேல் படிந்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகச் சுருண்டு வந்தது. மூன்று வண்டிகள் எழவில்லை என்று மெக்கானிக்கான எனக்கு போன் வந்திருந்தது. நான் போவதற்குள் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இரண்டில் செல்ஃபை அமுக்கி அமுக்கி பேட்டரியை இறக்கிவிட்டிருந்தான். மூன்றாவது வண்டியில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டில் மூடியில் பெட்ரோல் எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, முதலில் அதைக் கீழே வை."

"தினமும் இப்படித்தாண்ணா எடுக்கிறேன்."

முழங்கை வரை அவன் கையில் முடி கருகியிருந்தது. போன வாரம் பேக் ஃபயர் அடித்ததாம், அதாவது இன்ஜினுக்குள் எரிய வேண்டிய தீ கார்புரேட்டர் வழியாக வெளியே பாய்ந்ததாம். கார்புரேட்டர் வாயில் தீ கிளம்பும்போது பக்கத்திலேயே பெட்ரோல் பாட்டிலும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்திருக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கையைப் பார்த்த பிறகுதான்.

குளிரில் வண்டி ஏன் அடம்பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகிறது. மீதி, இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலை அனுப்பி, ஆவியாகும் பங்கு எரிவதற்குப் போதுமானதாக ஆக்க வேண்டும். சோக் செய்வது அவ்வளவுதான்.

ஆனால் மலையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சென்னையிலோ கோவையிலோ ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பாகம்) செட் செய்து அனுப்பிய வண்டி, இந்தக் காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் தள்ளும். அதிகாலைக் குளிருக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இன்ஜின் சூடானதும் இந்த உயரத்துக்கு அதுவே மிகையாகிவிடும். நாள் முழுக்கக் கறுப்புப் புகை, சாயங்காலத்துக்குள் பிளக்கில் கரி. மறுநாள் காலையில் அந்தக் கரி பிடித்த பிளக் பொறி தராது. நாமோ பெட்ரோல் வரவில்லை என்று நினைத்து இன்னும் சோக் போடுகிறோம், பிளக் நனைந்தே போகிறது. மலையில் நான் பார்க்கும் குளிர்கால ஸ்டார்ட்டிங் கோளாறுகளில் இந்தச் சுழல்தான் அதிகம்.

அதனால் கார்புரேட்டரில் ஸ்பேனர் வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரியாக இருந்தால் மிக்சரில், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில், பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் சேறும் தூசியும் அடைத்துக் கிடக்கிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர் ஃப்ளோ. அப்போது சோக்கை விட்டுவிட்டு, பிளக்கைக் காயவைத்து, பத்து நிமிடம் கழித்து முயற்சி செய்ய வேண்டும். எவ்வளவு செல்ஃப் அடித்தும் பிளக் சொட்டு ஈரமில்லாமல் இருந்தால்தான் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சின்ன ஏடிவிகளுக்குப் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அப்படியே பேட்டரியையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், குளிரில் அதன் பலமும் குறையும். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அமுக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி அமுக்கலாம்.

பிளக்கும் பேட்டரியும் சரி, அப்புறமும் எழவில்லை, சோக் இழுத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளியதும் நின்றுவிடுகிறது என்றால் கை வைக்க வேண்டிய இடம் ஸ்லோ ஜெட், அதாவது இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மழைக்காலத்தில் கூட்டமில்லாமல் வண்டிகள் இரண்டு மாதம் அசையாமல் நிற்கும். கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, அடியில் கோந்து மாதிரி ஒரு மஞ்சள் படலத்தை விட்டுவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய் உட்காரும். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு முதலில் வருவது அந்த அடிமட்டம்தான். பழைய வண்டிகளில் ரப்பர் ஓரிங்கும் பெட்ரோல் டியூபும் ஊறி உப்புவதும் எத்தனாலால்தான்.

கிண்ணத்தைக் கழற்றினால் பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சைப் பொடி தெரியும். இங்கேதான் பலர் கிளட்ச் கேபிளில் ஒரு இழையை உருவி ஜெட்டுக்குள் விட்டுக் குத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேபிள் இழை எஃகு, ஜெட் பித்தளை. ஒரு கீறல் விழுந்தாலே துளை பெரிதாகி, வண்டி ஆயுளுக்கும் கறுப்புப் புகை விடும். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தில் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. ஸ்லோ ஜெட் உட்காரும் பாதையையும் அதேபோல ஊத வேண்டும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து பாதையை விட்டால் இரண்டே நாளில் வண்டி திரும்பி வரும்.

மிக்சர் ஸ்குரூ விஷயத்தில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துத் திருப்புகிறவர்களிடமிருந்து வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாக உள்ளே உட்காரவைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, இன்ஜின் சூடானபின் அங்கிருந்து சரிசெய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் ஏடிவிகள் பலவற்றில் கையால் இழுக்கும் சோக் கிடையாது. கார்புரேட்டரின் மேல் இரண்டு ஒயர்களோடு கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக ஒன்று இருக்கும், அதுதான் எலக்ட்ரிக் சோக். குளிர்ந்திருக்கும்போது ஊசி உள்ளே இழுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடும். இன்ஜின் ஓடியதும் மின்சாரத்தில் சூடேறி, சில நிமிடங்களில் ஊசி நீண்டு வழியை அடைக்கும். அதைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். கையில் சூடு தெரிந்து ஊசி வெளியே வந்தால் நல்ல நிலையில் இருக்கிறது. ஒயர் விட்டுப்போயிருந்தால் சோக் அணையாமல் நாள் முழுக்கப் புகைதான். இந்த வகை வண்டியில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டரை அமுக்கக் கூடாது. அமுக்கினால் அந்தக் கூடுதல் பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் குறைந்து, சோக் இருந்தும் பயனில்லாமல் போகும்.

இந்தக் காலத்துப் பையன்களைக் குறை சொல்லவும் முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததிலிருந்து சாலையில் ஓடும் புது பைக்குகள் அநேகமாக எல்லாமே கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைத் திறந்தே பார்க்காமல் தொழில் கற்கிறார்கள். பதிவெண் இல்லாமல் திடலுக்குள்ளேயே ஓடும் சின்ன ஏடிவிகளில்தான் கார்புரேட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வண்டிகளில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள். எனக்கு ஸ்டார்ட்டிங் கோளாறைவிட இதுதான் பெரிய கவலை.

கார்புரேட்டரை மாட்டும்போது, உள்ளே ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் நீளமான காடி, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பின்னில் சரியாக உட்கார வேண்டும். வளைவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் ஸ்லைடு முழுதாக மூடாது. செல்ஃப் அடித்த அதே நொடியில் இன்ஜின் உச்சத்துக்குப் போகும். இப்படி மாட்டிய ஒரு வண்டி, கியரில் இருந்ததால், யாரும் ஏறாமலே பாய்ந்து கம்பி வேலியில் மோதி நின்றதை நான் நேரில் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து நடந்திருந்தால் அதில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரை முழுதும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். உள்ளே "டக்" என்று ஸ்லைடு உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி மறுபடி செய்யுங்கள், கேபிள் எங்கும் இழுபடக் கூடாது. இரவுப் பனியில் நனைந்த கேபிளுக்குள் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே பனிக்காலத்தில் தினமும் காலையில் இதைச் செய்ய வேண்டும். பின்னால் நிற்பவர் கையில் பிடிக்கும் கயிறு, இழுத்தால் இன்ஜினை நிறுத்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து, அளவுக்கம்பியில் ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை நீடில் சரியாகப் பிடிக்காமல் இரவெல்லாம் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் போய்விடும். நீடிலை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சமவெளியில் ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயில் உறைபனியில் கெட்டியாகி செல்ஃபைத் திணறடிக்கும். வண்டியின் கையேடு அனுமதித்தால் பனிக்காலத்துக்கு 10டபிள்யூ-30 நல்லது.

குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினைச் சூடேற்றுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி வந்த பிறகு கதவைத் திறக்க எழுந்திருக்க முடியாமலும் போகலாம். வண்டியை வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இதில் பெரும்பாலான வேலையை வராமலே தடுக்க முடியும். சாயங்காலம் கடைசி ரவுண்டு முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். காலையில் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து செல்ஃப் அடிக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து, ஒரு டப்பாவில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். டேப் இல்லாத வண்டிக்கும் இந்த ஸ்குரூ இருக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல் செய்தால் இரண்டு நிமிட வேலை.

அன்று காலை பத்து மணிக்குள் இரண்டு வண்டிகள் எழுந்துவிட்டன. ஒன்றில் பிளக்கும் ஏர் ஃபில்டரும், இன்னொன்றில் ஸ்லோ ஜெட்டும்தான் பிரச்சினை. அந்த ஜெட்டை அவன் கையிலேயே கொடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். "இத்தனூண்டு துளையாண்ணா!" என்றான். மூன்றாவது வண்டியில் ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கோவையிலிருந்து நீடில் வரும்வரை அது வெளியே போகாது என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.