ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, நெருக்கீடா?

நாளை தேர்வு என்று படபடக்கும் மாணவருக்கும் மன அழுத்தம். எதிலும் நாட்டம் இல்லாமல், படுக்கையைவிட்டு எழவும் மனமில்லாமல் வாரக்கணக்கில் கிடப்பவருக்கும் மன அழுத்தம். தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் இருவரின் நிலையையும் பெரும்பாலும் இந்த ஒரே சொல்லால்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் முதலாமவருடையது ஸ்ட்ரெஸ், இரண்டாமவருடையது டிப்ரஷன். முதலாவது நீண்டு முற்றினால் இரண்டாவதற்கு வழிவகுக்கக்கூடும் என்றாலும் உளவியலில் இரண்டும் ஒன்றல்ல. தேர்வு முடிந்ததும் மாணவருக்குப் பெரும்பாலும் மூச்சு சீராகிவிடும். மற்றவருக்கு மருத்துவ உதவி வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், "யாருக்குத்தான் மன அழுத்தம் இல்லை?" என்று கேட்டு அவரை எளிதாகத் திருப்பி அனுப்பிவிட முடிகிறது. இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்க்க அது ஒன்றே போதுமான காரணம்.

ஸ்ட்ரெஸ் என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'ஸ்ட்ரிங்கெரே' என்னும் வினை. இறுக்கிக் கட்டுதல், இழுத்துப் பிடித்தல் என்று பொருள். அதன் வழியில் பழைய பிரெஞ்சில் பிறந்த பெயர்ச்சொல் இடுக்கு, ஒடுக்கமான நிலை, ஒடுக்குமுறை ஆகியவற்றைக் குறித்தது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது இடர், துன்பம் என்னும் பொருளில் வழங்கியது; 'டிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் தலை தேய்ந்த வடிவமும் அதனோடு கலந்துவிட்டது. மனத்துக்கென்று தனியாக அதில் அப்போது எதுவும் இல்லை. வறுமையும் பகைவர் முற்றுகையும் கடும் வானிலையும் எல்லாமே ஸ்ட்ரெஸ்தான். குறுகிய இடத்தில் அகப்பட்டுக்கொண்ட உடலின் அனுபவத்திலிருந்து துன்பத்துக்குப் பெயர் எடுப்பது பல மொழிகளிலும் காணக்கூடியது. நம்முடைய நெருக்கடியும் அப்படி வந்ததுதான். இடுக்கண் என்ற சொல்லுக்குக் கண் இடுங்கச் செய்யும் துன்பம் என்று விளக்கம் சொல்வார்கள். அதிலும் சுருங்குதல் இருக்கிறது.

பிறகு இந்தச் சொல் பொறியியலுக்குப் போனது. இரும்புப் பாலங்களும் ரயில் அச்சுகளும் முறியாமல் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டியிருந்த காலம் அது. 1822-இல் பிரான்சின் கணிதவியலாளர் கோஷி அதற்கான கணிதத்தைத் தந்தார். 1850-களில் ஸ்காட்லாந்தின் பொறியாளர் ராங்கின், ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்னும் இரண்டு சொற்களுக்கும் தெளிவான எல்லை போட்டார்: பொருளின் உள்ளே எழும் விசை முதலாவது, அதனோடு சேர்ந்து நேரும் வடிவ மாற்றம் இரண்டாவது. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் இவற்றைத் தகைவு, திரிபு என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் தகைப்பு, விகாரம். தகைதல் என்றால் தடுத்தல். புறவிசைக்கு எதிராகப் பொருள் உள்ளிருந்து காட்டும் தடுப்பு என்பதை இரண்டே அசையில் சொல்லிவிடும் தகைவு, நம் கலைச்சொல்லாக்கத்தின் நல்ல விளைச்சல்களில் ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூலில் அழுத்தம் என்றால் பிரஷர்; அது வேறு பாடம். இந்த வேறுபாட்டைப் பதினோராம் வகுப்பில் கற்றுக்கொண்டு வெளியே வந்தால், மனம் என்று வந்தவுடன் எல்லாம் மறுபடி அழுத்தமாகிவிடுகிறது.

பொறியியலிலிருந்து உடலியலுக்கு இச்சொல் வந்த வழியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். முதலாமவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உடலியலாளர் வால்டர் கேனன். குரைக்கும் நாயின் முன் நிறுத்தப்பட்ட பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் கூடுவதை அவரது ஆய்வுக்கூடம் கண்டது. எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு என்று உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் நிலையை அவர் 1915-இல் நூலாக எழுதினார். உடலின் உள்நிலை குலையாமல் காக்கப்படுவதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டவரும் அவரே. அந்தச் சமநிலை எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைப் பற்றி 1935-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டையும் பொறியாளரைப்போலச் சேர்த்து வைத்தார்.

இரண்டாமவர் ஹான்ஸ் செல்யே. 1907-இல் வியன்னாவில் பிறந்து, பிராகில் மருத்துவம் படித்து, கனடாவின் மான்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சினைப்பைச் சாறுகளை ஊசிமூலம் செலுத்திக்கொண்டிருந்தார். எலிகளின் அண்ணீரகச் (அட்ரினல்) சுரப்பிகள் வீங்கின, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வேறு எந்த நச்சைச் செலுத்தினாலும், குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அதே மூன்றும் நேர்ந்தன. தேடிய ஹார்மோன் போனது. எந்தத் தீங்கு வந்தாலும் உடல் ஒரே விதமாக எதிர்வினை காட்டுகிறது என்ற முடிவு கிடைத்தது. 1936 ஜூலையில் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக அதை வெளியிட்டார். எச்சரிக்கை, எதிர்ப்பு, தளர்ச்சி என்று மூன்று கட்டங்களாகப் பின்னர் அவர் வளர்த்தெடுத்த கோட்பாட்டின் விதை அது. வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரெஸ் ஆய்வின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் அந்தக் கடிதத்தில் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே கிடையாது.

பிறகுதான் சொல்லைக் கையில் எடுத்தார், அதுவும் தலைகீழாக. பொறியியல் கணக்கின்படி உடலில் நேரும் மாற்றத்தை அவர் ஸ்ட்ரெயின் என்று அழைத்திருக்க வேண்டும். ஆங்கிலம் தமக்கு அவ்வளவு கைவராத காலத்தில் இரண்டையும் பிரித்தறியத் தவறிவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். விளைவுக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தாகிவிட்டது. காரணத்துக்கு ஸ்ட்ரெஸர் என்று இன்னொரு சொல்லைப் படைக்க வேண்டியதாயிற்று. ஆனால் மக்கள் பேச்சு அவரைக் கேட்டு நடக்கவில்லை. வேலை ஸ்ட்ரெஸ் என்றால் காரணம், ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது என்றால் விளைவு. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகள் தமக்குள் சொல் தேடாமல் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டன, இந்தக் குழப்பத்தையும் சேர்த்து.

காரணத்தை மட்டும் அளக்க முயன்றவர்களும் உண்டு. 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் வாழ்வில் நேரும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் இறப்புக்கு 100, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, திருமணத்துக்கு 50. கல்யாணம் வேலையிழப்பைவிடக் கனமானது என்பதை ஒப்புக்கொள்ள நம் ஊரில் ஆள் கிடைப்பார்கள். ஆனாலும் ஒரே நிகழ்வு எல்லார்மீதும் ஒரே கனத்தோடு விழுகிறது என்று இந்தப் பட்டியல் கொள்வதுதான் அதன் பலவீனம்.

அந்தப் பலவீனத்தை நேராகப் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ். 1984-இல் சூசன் ஃபோக்மனோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஸ்ட்ரெஸ் சூழலில் மட்டும் இல்லை, ஆளிடத்தில் மட்டும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இது எனக்கு ஆபத்தா என்று மனம் முதலில் மதிப்பிடுகிறது. இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றும் மதிப்பிடுகிறது. வந்திருப்பது கையிருப்பை விஞ்சுகிறது என்று தோன்றும்போது அது ஸ்ட்ரெஸ். "இன்பம் விழையான் இடும்பை இயல்பென்பான் துன்பம் உறுதல் இலன்" என்னும் குறளில், இடும்பையை இயல்பு என்று கொள்ளும் பார்வை துன்பத்தையே மாற்றிவிடுகிறது. லாசரஸை வள்ளுவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று மார்தட்ட வேண்டாம். அது அறவுரை, இது ஆய்வுக் கோட்பாடு. மதிப்பீடு என்ற கருத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க அந்தக் குறள் உதவும், அவ்வளவுதான்.

இனி நம் சொற்கள். அழுத்தம் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஆள் நல்ல அழுத்தம்" என்றால் எதையும் வெளியே விடாதவர் என்று பொருள். நெஞ்சழுத்தம் என்றால் துணிச்சல், பிடிவாதம். மொழியின் போக்கிலேயே விட்டிருந்தால் மன அழுத்தம் என்பது மனவுறுதிக்குப் பெயராகியிருக்கும். உளைச்சலைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். உளைதல் என்பது நோதல்: கால் உளைச்சல், வயிற்றுளைச்சல். நுகர்வோர் நீதிமன்றம் மன உளைச்சலுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லும்போது அது நேர்ந்த வேதனையைத்தான் குறிக்கிறது. டிஸ்ட்ரெஸ் என்பதற்கு அது கச்சிதம், அங்கேயே இருக்கட்டும். தகைவை இயற்பியலிலிருந்து இழுத்து வந்தால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. டென்ஷன் மக்கள் தாங்களே தேர்ந்துகொண்ட சொல், ஆனால் அதில் கோபமும் அவசரமும் பதற்றமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இலங்கைத் தமிழில் உளவியல் எழுதுபவர்கள் நெருக்கீடு என்கிறார்கள். உளநெருக்கீடு என்றும் எழுதுகிறார்கள். டிப்ரஷனுக்கு அவர்களிடம் மனச்சோர்வு, பேரதிர்ச்சி மனத்தில் விட்டுச்செல்லும் காயமான டிராமாவுக்கு (trauma) மனவடு. போரின் நடுவில் வாழ்ந்த மக்களுக்கு உளநலப் பணி செய்தபோது புழங்கித் தேர்ந்த சொற்கள் இவை. கலைச்சொல் குழுவின் மேசையோடு நின்றுவிட்டவை அல்ல. குறுக்கீடு, ஒதுக்கீடு, முதலீடு என்று நாம் நாளும் சொல்லும் அதே வார்ப்பில் நெருக்கீடும் அமைந்திருக்கிறது. இறுக்கம், இடுக்கு என்ற மூலப் பொருளும் அதில் தானாகவே வந்து உட்காருகிறது. நெருக்குவதற்கு இரண்டு தரப்பு வேண்டும் என்பதால் லாசரஸின் உறவுக் கோட்பாட்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டு இதழ்களும் நெருக்கீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், மன அழுத்தத்தை இரு பொருளிலும் கைவிட வேண்டும் என்பது என் கட்சி. மனச்சோர்வு என்ற சொல் இங்கேயும் இருக்கிறது. அதன் இடத்தை அதற்குத் திருப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

காரணத்தைச் சொல்ல நெருக்கீட்டுக் காரணி போதும். விளைவைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நெருக்கீட்டு எதிர்வினை என்று எழுதலாம். மிஞ்சுவது ஒன்று: நன்மை தரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கு, நலம் என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டைச் சேர்த்து செல்யே வழங்கிய 'யூஸ்ட்ரெஸ்'. மேடை ஏறுமுன் வரும் படபடப்பு நன்றாகப் பேசவும் வைக்கிறதே, அது. நன்னெருக்கீடு என்று ஆக்கலாம்தான். நாக்கு அதற்கு ஒத்துழைக்காது. பயன்தரும் நெருக்கீடு என்று இரண்டு சொல்லாக எழுதிவிட்டுப் போகலாம்.