‘ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்’

1930களின் ஜெர்மனியை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் குதிரை லாடத்தின் இரு முனைகள்போல வளைந்து நெருங்கிவிட்டார்களாம். வரலாற்று ஆசிரியராக எனக்கு இந்தப் பேச்சு கவலை தருகிறது. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிடலாம். இது பாதி உண்மை.

அந்தப் பாதியை மறைக்கக் கூடாது. 1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்துத் தொழிலாளர்களின் கூலியில் மணிக்கு 2 ஃபென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) குறைக்கப் பார்த்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. இரு கட்சிக்காரர்களும் ஒரே போராட்டக் குழுவில் உட்கார்ந்தார்கள், தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று உண்டியல் குலுக்கினார்கள். முந்தைய ஆண்டு ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சட்டமன்றத்தைக் கலைக்கக் கோரிய வாக்கெடுப்பிலும் இருவரும் ஒரே பக்கம்தான். மிதவாத இடதுசாரிகளான சமூக ஜனநாயகக் கட்சியினரைக் கம்யூனிஸ்டுகள் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று ஏசிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய குடியரசு ஒழிய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே எண்ணம்.

அடுத்த சில மாதங்களில் நடந்ததை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1933 மார்ச்சில் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாம் திறந்ததும் முதலில் அடைக்கப்பட்டவர்களில் கம்யூனிஸ்டுகளே அதிகம். மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் தரும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. தேர்வாகியிருந்த 81 கம்யூனிஸ்டுகளில் ஒருவரும் அவைக்குள் வர முடியவில்லை. எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. ஆதரவாக விழுந்த 444இல் கத்தோலிக்க மையக் கட்சியின் வாக்குகளும் உண்டு. லாடத்தின் முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

நோக்கத்திலும் பெரிய வேறுபாடு இருந்தது. யூதராகப் பிறந்த குழந்தை எந்தக் கொள்கையை ஏற்றாலும் நாஜிகளிடமிருந்து தப்ப வழியில்லை. இப்படிச் சொல்வதால் ஸ்டாலினின் கொடுமை குறைந்துவிடாது. ஜெர்மன் கம்யூனிஸ்ட் மார்கரெட் புபர்-நாய்மனின் கணவரை 1937இல் சோவியத் அரசே சுட்டுக் கொன்றது. மார்கரெட்டைக் கரகண்டா முகாமில் அடைத்து, 1940இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் ஒப்படைத்தது. அதன்பின் 1945 வரை அவர் ராவன்ஸ்ப்ரூக் நாஜி முகாமில் கிடந்தார்.

இவர் கதையைச் சொன்ன பிறகுதான் வகுப்பில் விவாதம் சூடுபிடிக்கும். ஒரு கட்சி நடுவிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று அளப்பதை விடுங்கள் என்பேன். தேர்தலில் தோற்றால் இறங்கிப் போகுமா? எதிரணிக்காரர் கூட்டம் போட விடுமா? சொந்தக் கட்சிக்குள் மறுத்துப் பேசியவர் கதி என்ன ஆயிற்று? பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களுக்கும் ஒரு காலத்தில் தீவிரவாதிகள் என்றுதான் பெயர். அவர்களையும் ஹிட்லரையும் ஒரே தட்டில் வைக்காமல் இருக்க இந்தக் கேள்விகள் உதவுகின்றன.