வாளையாறு தாண்டினால் குதிரை கூடுமா?

எங்களிடம் கார் பவரை அளந்த இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று கோவையில் அளந்தது, 98 பி.எஸ்., அதாவது 98 குதிரைசக்தி. மற்றது பாலக்காட்டில் அளந்தது, 101. இரண்டுமே ஒரே மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். கம்பெனி சொல்லும் கணக்கு 119. அந்த மூன்று குதிரைக்காகக் கோவைக் கார்க்காரர்களும் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களான நாங்களும் ஒரு மழைக்காலம் முழுக்க வாய்ச்சண்டை போட்டோம்.

"உங்க ஊரு பள்ளத்துல இருக்குதுங்ணா, காத்து கெட்டியா இருக்கும், அதான் கூடக் காட்டுது" என்பது அவர்கள் வாதம். கடைசியில் வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளாவில், ஒரே ஷெட், ஒரே டைனோ (பவர் பார்க்கும் சாதனம்), ஒரே நாள் என்று முடிவானது. எந்த சிட்டி குறைவாகக் காட்டுகிறதோ அந்தக் கூட்டம் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்க வேண்டும்.

டைனோ என்பது தரையில் பதித்த கனமான இரும்பு உருளை. காரின் முன்சக்கரம் அதன் மேல் நிற்கும். வண்டி ஓடிவிடாமல் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சக்கரம் உருளையைச் சுழற்றும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாதனம் பவரை நேராக அளப்பதே இல்லை. உருளை எவ்வளவு வேகமாக வேகமெடுக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. மற்றதெல்லாம் கணக்கு.

உருளையின் எடைக்கணக்கு 1000 கிலோ வண்டியைத் தள்ளுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 120க்குக் கொண்டுபோகச் சுமார் 4,17,000 ஜூல் ஆற்றல் வேண்டும். இதை 8 வினாடியில் செய்தால் சராசரியாக 52 கிலோவாட், அதாவது 71 பி.எஸ். 7 வினாடியில் செய்தால் 81. ஒரு வினாடிக்குள் பத்துக் குதிரை ஒளிந்திருக்கிறது! அதனால்தான் உருளையின் சுழற்சியை அவ்வளவு நுணுக்கமாக எண்ண வேண்டியிருக்கிறது. சில டைனோக்களில் உருளையோடு மின்காந்த பிரேக்கும் இருக்கும். இன்ஜினை ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தி, அது எவ்வளவு முக்குகிறது என்று பார்க்கலாம். இந்தப் பிடித்து நிறுத்தும் யோசனை பழசு. 1821-ல் பிரான்சின் தெ ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து, நீட்டிய கோலின் நுனியில் எடை தொங்கவிட்டு அளந்தார்.

சரி, 119 எங்கே, 101 எங்கே? கம்பெனி அளப்பது இன்ஜினில். நாங்கள் அளப்பது சக்கரத்தில். நடுவில் கியர்ப்பெட்டி, அச்சு, டயர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும். மேனுவல் கியர் வண்டியில் 10 முதல் 15 சதவீதம் போவது வழக்கம்தான். இதில் டயரின் பங்கைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பெல்ட்டை இறுக்க இறுக்க டயர் உருளையில் நசுங்கிச் சூடாகும். அந்தச் சூடும் இன்ஜின் கொடுத்த பவர்தான். ஆகவே கோவை வண்டிக்குப் பெல்ட் கட்ட எங்கள் பையன்கள் ஓடியபோது, "நாங்களே கட்டிக்கிறோமுங்க" என்று தடுத்துவிட்டார்கள். விவரமானவர்கள்.

நாலாவது கியர் எதற்கென்றால், அதில் இன்ஜினும் கியர்ப்பெட்டியின் மறுமுனையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும். மூன்றாவதில் இழுத்தால் எல்லாம் சட்டென்று வேகமெடுக்கும். பவரில் கொஞ்சம் இன்ஜினின் சொந்தச் சக்கரங்களைச் சுழற்றவே செலவாகி, தாளில் எண் குறையும்.

சிட்டிகளுக்கு முன்னால் கோவைக்காரர் ஒருவரின் ஸ்விஃப்ட் டீசல் ஏறியது. "உங்க சிட்டிக்கு டார்க் 145, எனக்கு 190" என்று காலையிலிருந்தே பெருமை. டார்க் என்றால் இன்ஜின் தன் தண்டைத் திருகும் வலு. கம்பெனி எண்ணையே எடுத்துக்கொள்வோம். டார்க்கை ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட். ஸ்விஃப்டின் 190 நியூட்டன் மீட்டர் வருவது 2000 ஆர்.பி.எம்.மில். அங்கே அதன் பவர் 54 பி.எஸ். மட்டுமே. உச்சமான 75 பி.எஸ். 4000த்தில் வருகிறது, ஆனால் அதற்குள் டார்க் 132க்கு இறங்கிவிடும். சிட்டியோ 6600 வரை மூச்சுப் பிடித்து, வெறும் 127 டார்க்கை வைத்துக்கொண்டே 119 பி.எஸ். எடுத்துவிடும். டார்க் என்பது ஒரு தள்ளு. பவர் என்பது அந்தத் தள்ளை வினாடிக்கு எத்தனை தடவை கொடுக்கிறாய் என்பது. வாளையாறு சிக்னலில் ஸ்விஃப்ட் முந்தும், கஞ்சிக்கோடு தாண்டுவதற்குள் சிட்டி போய்விடும்.

இனி காற்று. கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. இந்த இறக்கத்தில் காற்றழுத்தம் 4 சதவீதம் அளவுக்குக் கூடும். டர்போ (காற்றை அமுக்கித் திணிக்கும் விசிறி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் தானே இழுக்கும் காற்றை நம்பிப் பிழைப்பது. காற்றில் ஆக்சிஜன் கூடினால் பவரும் கூடும். கோவைக்காரர்கள் சொன்னது அந்த மட்டில் நியாயம்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறதே! 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், காற்றழுத்தத்தில் 3 சதவீதம் வெறும் நீராவியினுடையது. அது எரிவதற்கு உதவாது. பள்ளம் கொடுத்ததில் ஒரு பங்கை ஈரம் பிடுங்கிக்கொள்ளும்.

இதற்காகத்தான் டைனோ மென்பொருள் அன்றைய அழுத்தம், வெப்பம், ஈரம் மூன்றையும் வாங்கி, எண்ணை ஒரு பொதுவான காற்றுக்கு மாற்றித் தருகிறது. அமெரிக்க எஸ்.ஏ.இ. முறையில் அந்தப் பொதுக்காற்று 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல், அதுவும் ஈரமில்லாத காற்று. பழைய ஜெர்மன் டி.ஐ.என். முறையில் 20 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல். குளிர்ந்த, கெட்டியான காற்று. அதனால் ஒரே ஓட்டத்துக்கு டி.ஐ.என். எண் சுமார் 3 சதவீதம் அதிகமாக வரும். டர்போ வண்டிக்கு இந்தத் திருத்தத்தை அப்படியே போட்டால் ஏமாற்று வேலை. மெல்லிய காற்றை டர்போவே அமுக்கி ஈடுகட்டிவிடுகிறது, அதற்கு மேல் மென்பொருளும் கூட்டிக் கொடுத்தால் இரட்டைச் சம்பளம்.

ஷெட் உரிமையாளர் எங்கள் பழைய தாள்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். கீழ் மூலையில் எறும்பு மாதிரி எழுத்து. கோவைத் தாளில் எஸ்.ஏ.இ., எங்கள் தாளில் டி.ஐ.என். 98ஐ 3 சதவீதம் உயர்த்தினால் 101. ஒரு மழைக்காலச் சண்டை அந்த எறும்பெழுத்தில் இருந்தது.

நடுவில் என் பழைய காரையும் ஏற்றினேன். அதில் ஆர்.பி.எம். கோடு செங்குத்தாக ஏறியது, உருளை பின்தங்கி நின்றது. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பத்து நாளைக்கு முன்னால்தான் ஒரு மெக்கானிக் பார்த்து, "கிளட்ச் பக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாலையில் இரண்டு சிட்டிகளும் அடுத்தடுத்து ஏறின. ஒரே விசிறி, ஒரே திருத்தம், டயர்க் காற்றையும் சரிபார்த்தோம். கோவை 98.6, நாங்கள் 98.2. ஒரே வண்டியை இறக்காமல் மறுபடி ஓட்டினாலே ஒரு சதவீதம் முன்னே பின்னே வரும், இதெல்லாம் வித்தியாசமே இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் கோவைக்காரர்கள் இருபத்திரண்டு பழம்பொரிக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்.