டேபிள்ல குவியுற கவரும் போன்ல குவியுற மெசேஜும்

வீட்ட ஒழுங்குபடுத்திக் கொடுக்குறதுதான் என் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல பாக்குறது பீரோவ இல்ல, வாசலுக்குப் பக்கத்துல இருக்குற டேபிளத்தான். பிரிக்காத கவர், விளம்பர நோட்டீஸ், எப்பவோ தேதி முடிஞ்ச கூப்பன், அதுக்கெல்லாம் அடில நெஜமாவே தேவைப்படுற இன்சூரன்ஸ் லெட்டர் ஒண்ணு. "இதையெல்லாம் போட்டு வைக்க நல்ல பாக்ஸ் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. பாக்ஸே வாங்காதீங்க, அதுவும் நெறஞ்சிரும், வர்றத நிறுத்துறதுதான் முதல் வேலை.

கேட்டலாக் வந்தா குப்பைல போடுறதுக்கு முன்னாடி அட்ரஸ் ஸ்டிக்கர பாருங்க, உங்க பேருக்கு மேலயோ கீழயோ கஸ்டமர் நம்பர் இருக்கும், அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு நம்பரச் சொல்லி லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொன்னா எடுத்துருவாங்க. ஏற்கெனவே ஸ்டிக்கர் அடிச்சு வச்சது இன்னும் ஒண்ணு ரெண்டு வரும், அதப் பாத்து "சொல்லியும் கேக்கல"ன்னு விட்றாதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ட ஈமெயிலுக்கு மாத்திக்கலாம்.

ஈமெயில்ல "அன்சப்ஸ்கிரைப்" (unsubscribe)னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி தேடுங்க, விளம்பர மெயில் முக்கால்வாசி ஒரே இடத்துல வந்து நிக்கும், ஒவ்வொண்ணுலயும் அந்த லிங்க்க தொட்டு விலகிக்கோங்க. ஜிமெயிலும் யாஹூவும் 2024-ல இருந்து மொத்தமா விளம்பர மெயில் அனுப்புறவங்க ஒரே க்ளிக்ல விலகுற வசதி குடுக்கணும், 2 நாளுக்குள்ள நிறுத்தணும்னு விதி போட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு, இப்படி லிங்க்க தொட்டு விலகுறது நமக்குத் தெரிஞ்ச கடை, கம்பெனிக்கு மட்டும்தான். யாருன்னே தெரியாத மெயிலுக்குள்ள இருக்குற லிங்க்க தொட்டா "இந்த அட்ரஸ்ல ஆள் இருக்கு"ன்னு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும், அத ஸ்பாம்னு போட்டு விட்ருங்க.

வாட்ஸ்அப்ல பெரிய தொல்லை குட்மார்னிங் படம்தான். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள போயி ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணுங்க, பாதி பாரம் கொறையும். சொந்தக்காரங்க குரூப்ப விட்டு வெளிய வந்தா அது வேற பஞ்சாயத்து, அதனால மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல தள்ளிருங்க, புது மெசேஜ் வந்தாலும் மேல ஏறி வராது.

அப்புறம், கடைல பில் போடும்போது போன் நம்பர் கேட்டா "வேணாங்க"ன்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அப்படியே பில் குடுத்துருவாங்க. கோவத்துல எல்லா எஸ்எம்எஸ்ஸையும் ஒரேயடியா பிளாக் பண்ணிராதீங்க, ஓடிபியும் பேங்க் அலர்ட்டும் அதே வழியாத்தான் வருது.