செம்பனைக்கு அடியில் கெராங்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் கால்வாய் வெட்டியபோது சாம்பல் நிறக் களிமண்ணோடு சிப்பிகளும் வந்தன. கெராங் என்பது கடலோரச் சேற்றில் வாழும், சமைத்துச் சாப்பிடும் சிப்பி. பக்கத்து வீட்டுப் பையன் ஒன்றைக் கொண்டுவந்து, "அங்கிள், இது கெராங்தானே? கடல் அவ்வளவு தூரத்தில இருக்கே?" என்றான். பிரளயத்தில் வந்தது என்கிறாராம் அவன் பாட்டி. யாரோ சமைத்துக் கொட்டியது என்கிறார் தோட்ட மேற்பார்வையாளரான தண்டல். சமைத்த கெராங் வாயைப் பிளந்துவிடும். இதில் இரண்டு ஓடும் மூடியபடி, உள்ளே சேறு அடைத்திருந்தது. அங்கேயே வாழ்ந்து செத்தது.

20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். அப்புறம் பனி உருகிக் கடல் ஏறியது. சரி, இது பள்ளிப் பாடம். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மலாக்கா நீரிணையின் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். பிறகு இறங்கியது. புதிதாகப் பெரிய பனிப்பாளம் எதுவும் உருவாகாதபோது, தண்ணீர் எங்கே போயிற்று?

சப்பாத்தி மாவில் கட்டைவிரலை அழுத்துங்கள். குழி விழும், சுற்றிலும் மேடு தட்டும். கனடாவின் மேல் சுமார் 3 கிலோமீட்டர் தடிமனில் கிடந்த பனி பூமியை அப்படித்தான் அழுத்தியது. அடியில் கெட்டிப் பாறைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்ந்து, சுற்றுப்புறத்தைத் தூக்கிவிட்டது. பனி போனதும் குழி எழும்புகிறது. ஹட்சன் விரிகுடாப் பக்கம் இன்னமும் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். சுற்றியுள்ள மேடு அமிழ்கிறது. அந்த மேட்டில் கடலடியில் இருக்கும் பகுதி அமிழ்ந்தால் அங்கே இடம் காலியாகும். அதை நிரப்ப நம் பக்கத்துத் தண்ணீர் போனது! கூடவே, ஏறிய கடலின் எடை கடலடியை அழுத்த, நம் கரை நெம்புகோல் போலச் சற்று எழும்பியது. கரையோரத்தைத் தூர்த்து நிலமாக்கும் மிச்ச வேலையை ஆற்று வண்டல் பார்த்துக்கொண்டது.

கனடாவில் பாறை எழும்புவதை அளக்கக் காசு எதற்கு என்பவர்கள் உண்டு. இந்த நெளிவைக் கழிக்காமல் பழைய கடல் மட்டத்தைக் காட்டும் பவளப்பாறையின் உயரத்தை நம்ப முடியாது என்பதற்குத்தான். கழித்துப் பார்த்தால், 125,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலத்தில் கடல் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயரம். கிரீன்லாந்து முழுதும் உருகினாலே சுமார் 7 மீட்டர்தான். அன்று அது முழுதாக உருகவும் இல்லை. மீதித் தண்ணீரில் பெரும்பங்கு அண்டார்டிகாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சிப்பியைப் பையனிடமே கொடுத்தேன். பாட்டி அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டாராம்.